குழாயோடு சேர்ந்து இறுகிய கை

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரை மாவுக்கட்டுக்காரர் என்றே கூப்பிடுவார்கள். கை உடைந்து யார் வந்தாலும் கட்டுப் போடும்போது ஒரு பிரசங்கம் உண்டு. "முன்கையில ரெண்டு எலும்பு. கட்டைவிரல் பக்கம் இருக்கிறது ஆரை எலும்பு. விழும்போது கையை ஊனினா மொத்த பாரமும் அது தலையிலதான். மணிக்கட்டுக்கு மேல மடக்குன்னு போயிடும். அறிவு இருக்கிறவன் ஊனுவானா? உருண்டு விழணும்!" விழுந்து எழுந்து வந்தவனுக்கு விழும் முறையைச் சொல்லிக்கொடுத்த மகானுபாவர் இவர்தான்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி அதே எலும்பை உடைத்துக்கொண்டு வந்தவள் அவர் மனைவி. ஊருக்கு ஒரு நியாயம், பெண்டாட்டிக்கு ஒன்றா? நாலு பேர் முன்னால் அதே பிரசங்கத்தை ஒரு வரி குறையாமல் செய்தார். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. எதையும் ஃபிரிட்ஜிடம்தான் சொல்லுவாள். "ஃபிரிட்ஜே, சோறு ஆறுதுன்னு அந்த மனுஷன்கிட்ட சொல்லு." அவரும் ஃபிரிட்ஜுக்கே பதில் சொல்லுவார். வீம்புக்கு என்ன குறைச்சல்! ஆனால் அவள் வாயால் ஒரு தரம் 'என்னங்க' என்று கேட்கமாட்டோமா என்று உள்ளுக்குள் ஏங்கிப்போயிருந்தார்.

அப்படிப்பட்டவர் ஒரு மத்தியானம், தான் சிந்திய மாவுத் தண்ணீரிலேயே வழுக்கினார். உருண்டாரா? எங்கே! வலது கையைத்தான் ஊன்றினார். மணிக்கட்டு முள்கரண்டி மாதிரி வளைந்துவிட்டது.

அந்த வளைவைப் பார்த்தால் இவர் கையை ஊன்றிய விஷயம் வாசல் காவலாளிக்குக்கூட விளங்கிவிடும். எல்லாம் இவர் பிரசங்கத்தின் தயவு. கதவு இடித்ததென்று புளுகலாமென்றால், அடியைத் தடுக்கக் கை தூக்கியவனுக்கு உடைவது சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. அதையும் இவரே சொல்லித் தொலைத்திருக்கிறார். ஆள் வருவதற்குள் கட்டி மறைத்துவிட வேண்டியதுதான். எலும்பை நேராக்க யாராவது விரல்களைப் பிடித்து இழுக்க வேண்டுமே? விரல்களைக் கை கழுவும் தொட்டியின் குழாயில் மாட்டிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் ஈரக் கட்டைச் சுற்றினார். சுற்றிய அவசரத்தில் குழாயையும் சேர்த்துச் சுற்றிவிட்டார். மாவு சூடாகி இறுகிப்போனது.

பார்த்த சிஸ்டர் அலறியடித்து அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். கட்டு வெட்டும் மெஷினைத் தேடி டாக்டர் போயிருந்த நேரத்தில் மனைவி வந்து நின்றாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கே ஃபிரிட்ஜ் இல்லை.

"குழாயே, அந்த மனுஷன் கையை ஊனினாரான்னு கேளு."

"ஊனினேன்னு சொல்லு குழாயே. விழும்போது அறிவா வேலை செய்யுது? கைதான் முந்திக்குது."

அவள் கிட்டே வந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த வீங்கிய விரல் நுனியைத் தொட்டாள். "ரொம்ப வலிக்குதாங்க?"

ஏங்கிய பேச்சு வந்தேவிட்டது. மனுஷனால் சந்தோஷப்படத்தான் முடியவில்லை. அன்றைக்கு அத்தனை பேசியவர் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அன்னிக்கு... உனக்கும் இப்படித்தான் வலிச்சுதா?"

"குழாயே," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வழியா கேட்டுட்டாருப்பா."