கன்சர்வன்சி மனு

இன்று காலை எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "துப்புரவை 'கன்சர்வன்சி' என்கிறோமே, அது 'காத்தல்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. என்ன அழகான பெயர்!"

அந்த அழகை நானும் ஒருமுறை ரசித்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் ஆசிரியராக இருந்தேன். எங்கள் தெருவில் மலம் அள்ளிய கன்னியம்மா ஒருநாள் கையை நீட்டினார். உள்ளங்கை வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

"கண்ணாடி கீச்சிட்ச்சி சார். கையுறை வோணும்னு இங்கிலீசுல ஒரு மனு எழுதிக் குடு."

எழுதினேன். மனுவில் 'கன்சர்வன்சி' என்ற சொல்லின் லத்தீன் வேரை விளக்கினேன். பழத்தைக் கெடாமல் காக்கும் 'கன்சர்வ்' என்ற ஜாமுக்கும் அதே வேர்தான் என்று உதாரணம் வேறு. ஊரைக் காப்பவரின் கையைக் காக்க வேண்டாமா என்று முடித்தேன்.

மறுவாரம் வந்தார். கையில் அதே கந்தல் கட்டு.

"கார்ப்பரேசன் ஆபீசரு எல்லாரையும் கூப்ட்டுப் படிச்சிக் காட்னாரு சார். இன்னா சோக்கா எழுதிக்கீறாருன்றாரு! அவரு பொண்ணுக்கு நீ டியூசன் எடுப்பியான்னு கேட்டாரு."

"கையுறை?"

"அத்தப் பத்திப் பேச்சே இல்ல. நீ கொஞ்சம் சுமாரா எழுதியிருந்தா வந்துருக்கும் சார்."

இதையெல்லாம் குழுவில் எழுதி, நம் குப்பையை வெறுங்கையால் அள்ளும் பெண்ணுக்குக் கையுறை வாங்கித் தரலாமா என்று கேட்டேன்.

ஒரே ஒரு பதில் வந்திருக்கிறது: "சார், உங்கள் நடை அருமை!"

இங்கே ஃபேஸ்புக்கிலும் யாராவது அதையே சொன்னால் நட்பிலிருந்து நீக்கிவிடுவேன். கையுறை பற்றிப் பதில் சொல்லுங்கள்.