ஞாயிற்றுக்கிழமை இழுப்பு

கார்த்திகை மழையில் என் மகளுக்குச் சளி பிடித்தது. ஏழு வயது. மூக்கு ஒழுகி, தும்மி, ஜுரம் அடித்து, பத்து நாளில் எல்லாம் ஓய்ந்தது. இருமல் மட்டும் கிளம்புகிற வழியாக இல்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு மாடிப்படி ஏறி வந்தவள், வாசலிலேயே நின்று தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே பூனைக்குட்டி கத்துவதுபோல் கீச்சென்றது. 

குழந்தைகள் டாக்டரம்மா ஒரு இன்ஹேலரும், அதை மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயும் எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் இரண்டிரண்டு அழுத்து, தானாக நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதற்கு உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டிலும் கீழ்வீட்டிலும் என் உயிரை எடுத்தார்கள் பாருங்கள், அது தனிக் கதை.

முதலில் என் மாமனார். மில்லில் முப்பது வருஷம் பஞ்சுத் தூசியில் நின்றவர். “ஏம்மா, அந்தப் பம்ப அடிச்சி அடிச்சி கொழந்தைக்குப் பழக்கம் பண்ணிடாத. அப்பறம் அது இல்லாம மூச்சே வராது” என்றார்.

“டாக்டர் சொன்னத செய்றேன் மாமா.”

“இன்னா டாக்டரு? நான் பஞ்சுலயே கெடந்தவன். எனக்கு வராத இழுப்பா இவளுக்கு வந்துடப் போவுது?” என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே இருமல் வந்து, இரண்டு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவரிடம் என்னத்தைப் பேச!

கீழே வீட்டுக்கார அக்கா தினம் ஒரு காடை முட்டையோடு மேலே வந்தாள். பச்சையாகக் குடித்தால் நெஞ்சு கட்டுப்படுமாம். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வாழைப்பழம் ஆகாது, தயிர் ஆகாது, ஆரஞ்சு ஆகவே ஆகாது என்று ஆளாளுக்கு ஒன்றைத் தள்ளிவைத்ததில், கடைசியில் பிள்ளைக்கு இட்லியும் ரசமும்தான் மிஞ்சியது.

இத்தனைக்கும் நடுவில் மருந்து வேலை செய்யத்தான் செய்தது. செவ்வாய், புதன் எல்லாம் நன்றாக ஓடியாடுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், இழுப்பு வந்துவிடும். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு. “திங்கக்கெழம மட்டம் போடத்தான் இந்த வேசம்” என்றார் மாமனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் சந்தேகம் வேறு. சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் அவளை ஸ்கூட்டரில் பீச்சுக்குக் கூட்டிப் போவார். மறுநாள் இழுப்பு. இதற்கு என்ன அர்த்தம்?

“உண்மைய சொல்லுங்க. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தீங்களா?”

“சத்தியமா இல்லடி. சுண்டல்தான்.”

நான் நம்பவில்லை. குழந்தையின் சட்டையை முகர்ந்து பார்த்தேன். மாங்காய் வாசனைதான் வந்தது. அப்படியும் விடாமல், கடல் காத்துதான் காரணம் என்று பீச்சையே நிறுத்தினேன். அப்பாவும் மகளும் ஜன்னலோரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உட்காரட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் இழுப்பு வந்தது.

ஆளாளுக்கு வாயால் வைத்தியம் பார்த்தார்களே தவிர, உடம்பை வளைத்துப் பார்த்தது நான் ஒருத்திதான் என்று எனக்கு நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெந்நீர் போட்டு அவளுக்குத் தலைக்கு ஊற்றுவேன். இடுப்பளவு முடி. சளிப் பிடித்த உடம்பு, ஈரம் நின்றால் தலையில் நீர் கோத்துக்கொள்ளாதா? கடையில் விற்கிற கப் சாம்பிராணியெல்லாம் என்னிடம் நடக்காது. கொட்டாங்கச்சியைச் சுட்டு, தணலைத் தூபக்காலில் அள்ளி, சாம்பிராணியோடு ஒரு பிடி ஓமமும் போடுவேன். அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, முடியைக் கீழே தொங்கவிட்டு, காத்து வரக் கூடாதென்று ஜன்னலையும் சாத்திவிட்டு, நூறு எண்ணும்வரை புகை காட்டுவேன். இருமல் நிற்காததால் நூறை இருநூறாக்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினார். “மருந்து ஒழுங்கா குடுக்கிறீங்க, அப்பவும் கட்டுப்படல. இப்படியே போனா அட்மிட் பண்ணித்தான் பாக்கணும்” என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மாமனார், பம்பு, காடை முட்டை, பீச், ஐஸ்கிரீம் என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா” என்றவர், அவள் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு கண்ணு. எப்போ மூச்சு முட்டுது?”

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“அம்மா புகை போடுவாங்கல்ல, அப்ப.”

எனக்குச் சுருக்கென்றது. “ஏன்டி, இத என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?”

“சொன்னேனேம்மா. நீதான், பேசாம வாய மூடிக்கினு படு, வாயத் தொறந்தா புகை உள்ள போவும்னு சொன்ன.”

சொல்லியிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும், இதே குரலில், முடியைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தேன்.

“அதான் மூச்ச புடிச்சிக்கினு இருப்பேன்” என்றாள் டாக்டரிடம். “மொதல்ல நூறுதான் எண்ணுவாங்க. இப்ப இருநூறு. அவ்ளோ நேரம் முடியல.”

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. சாம்பிராணி, கொசுவத்தி, ஊதுவத்தி எதுவும் கூடாது, இன்ஹேலரை விடக் கூடாது என்று மட்டும் சொன்னார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிய எனக்கு, என்னைத் திட்ட ஒரு ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தூபக்காலைப் பரண்மேல் ஏற்றினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போட்டேன். “இன்னாம்மா, சாம்பிராணி வாசனையக் காணோம்?” என்றார் மாமனார். “இனிமே கெடையாது மாமா” என்றேன். 

கட்டிலில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, துண்டால் முடியைப் பிரித்துப் பிரித்துத் துடைத்தேன். பாதி துடைத்த பிறகுதான் அவள் அசையாமல் இருப்பதைக் கவனித்தேன். எட்டிப் பார்த்தால், கண்ணை இறுக்க மூடி, கன்னம் உப்ப, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் விரல் மட்டும் ஒவ்வொன்றாக மடங்கியது; மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அடியேய், புகையே இல்லடி. மூச்சு வுடு.”

ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

“பேசலாமாம்மா?” என்றாள்.