வடக்கே நகர்ந்த பிள்ளையார்

ஈரக் களிமண்ணும் எருக்கம்பூவும் கலந்த ஒரு வாசனை உண்டு. பிள்ளையார் சதுர்த்தியன்று செம்பூர் மார்க்கெட்டிலிருந்து அப்பா மணையில் பிள்ளையாரை ஏந்திக்கொண்டு மாடியேறும்போது, அவருக்கு முன்னால் அந்த வாசனைதான் வீட்டுக்குள் நுழையும். பார்வதி குளிக்கப் போகையில் மஞ்சளைப் பிசைந்து, வாசலுக்குக் காவலாகப் பிடித்துவைத்த பிள்ளை அவர் என்பாள் அம்மா. எங்கள் வீட்டில் அவருக்கு ஒருநாள் தங்கல்தான். மறுநாள் காலை 'புனர்பூஜை' முடித்து, அவரை ஒரு விரற்கடை வடக்கே நகர்த்துவாள். "நகத்தியாச்சுன்னா கிளம்பியாச்சுன்னு அர்த்தம்" என்பாள். சாயங்காலம் கரைத்துவிடுவோம்.

எதிர்வீட்டு 'மாவ்ஷி' மராத்திக்காரி. மாவ்ஷி என்றால் சித்தி. எங்கள் கட்டடத்துக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் அவள் சித்திதான். சாஸ்திரத்தில் மகா கறார். வெற்றிலை நுனி திசை மாறியிருந்தால்கூடப் பூஜையை நிறுத்திவிடுவாள். அவள் வீட்டுப் பிள்ளையார் கௌரி வந்து போகிறவரை இருப்பார். கௌரி என்பவள் பிறந்த வீட்டுக்கு வருகிற மகள் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த வருஷம் மாவ்ஷியின் சொந்த மகள் சுனிதாவும், கல்யாணமான பின் முதல்முறையாக, மூன்றாம் நாள் நாசிக்கிலிருந்து வருவதாக இருந்தது. புகுந்த வீட்டில் அதுவரை ஒருமுறைகூட அனுப்பவில்லை என்று மாவ்ஷி அம்மாவிடம் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் காலை, "கண்பதி அகேலா இருக்கக் கூடாது, நீ பைட்" என்று, பிள்ளையாரைத் தனியாக விடாமல் என்னைக் காவல் உட்கார்த்திவிட்டு மாவ்ஷி பூ வாங்கப் போனாள். எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டில் அப்போதுதான் நகர்த்தி முடிந்திருந்தது. மாவ்ஷி மறந்துவிட்டாள் போலிருக்கிறது, நாமாவது செய்துவைப்போம் என்று இரண்டு கையாலும் பிள்ளையாரைப் பிடித்து வடக்கே தள்ளிவைத்தேன். அப்பேர்ப்பட்ட சமர்த்து நான்.

மாவ்ஷி வந்ததும் வீட்டுக்கு ஓடிவந்து, விஷயத்தைச் சொல்லாமல், மாவ்ஷி வீட்டில் எப்போது நகர்த்துவார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கௌரி போற அன்னிக்குத்தான். இன்னிக்கு நகத்தினா இன்னிக்கே கரைக்கணுமே. நாளைக்கு வர சுனிதா வெறும் மணையையா சேவிப்பா?"

ஒப்புக்கொண்டுவிடலாம் என்று திரும்ப ஓடினேன். எப்போதும்போல் கதவு திறந்திருந்தது. உள்ளே மாவ்ஷி பிள்ளையாரைப் பழைய இடத்துக்கே தள்ளி, கலைந்த அரிசியைப் பரப்பிச் சரிசெய்துகொண்டிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் பச்சை வளையல் குலுங்க சுனிதா வந்து ஆரத்தி எடுத்தாள். மாவ்ஷி கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரையும்விட உரக்கப் பாடினாள்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் இருபது மாடி எழும்பி, எதிரெதிர் வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கின்றன. மாவ்ஷியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். போன மாதம் தாணேயில் சுனிதாவைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், தன் ஆயிக்கு, அதாவது அம்மாவுக்கு, பெற்ற பிள்ளைகளைவிடச் சாஸ்திரம்தான் பெரிது என்று கசப்போடு சிரித்தாள். இத்தனை வருஷமாக மூடிவைத்திருந்ததை நான் சொல்லிவிட்டேன்.

"ஆயி? மேரி ஆயி?" என் அம்மாவா என்று நம்பாமல் இரண்டு முறை கேட்டாள். பிறகு வெகுநேரம் அழுதாள்.