மூடாத பாடநூல்

ரெக்ஸ்டேல் பள்ளிக்கூடத்தில் என் மகளுக்கு வரலாறு படிப்பித்தவர் அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தவர், நெடிய மனிதர். அமெரிக்கக் கறுப்பர்களைப் பற்றிப் பாடநூல் சொல்லாமல் விட்டதையெல்லாம் தேடி அதற்குள் ஒட்டிவைப்பார். ஊதிப்போன புத்தகத்தை றப்பர் பாண்ட் போட்டுத்தான் மூடுவார்.

வெள்ளையர் கூட்டம் கறுப்பர்களின் கடைத்தெருவை எரித்த படத்தை அதில் பார்த்த மகள் இரண்டு நாளாக நித்திரை கொள்ளவில்லை. சண்டை பிடிக்கத்தான் போனேன். என் ஆங்கிலம் போதாது என்று மகளையும் கூட்டிப்போனேன்.

“உதுகளைப் பிள்ளையளுக்கு ஏன் காட்டுறீங்கள் எண்டு கேள்.”

அவள் கேட்டாள். அவர் றப்பர் பாண்டைக் கழற்றி விரலில் சுற்றியபடி, என்னைப் பார்த்தே பதில் சொன்னார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். “அப்பா, நாங்கள் ஏன் இலங்கையை விட்டு வந்தனாங்கள் எண்டு எனக்குச் சொன்னனீங்களோ எண்டு சேர் கேக்கிறார்.”

பிளேனில் வந்த கதையைத்தான் சொல்லியிருந்தேன். கொழும்பில் சிங்களவர் கூட்டம் எரித்த எங்கள் கடையைப் பற்றிச் சொன்னதில்லை.

அவர் புத்தகத்தை மூடாமல் காத்திருந்தார். மகளும்தான்.