மூன்றாவது கொட்டேஷன்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஐப்பசி மாதம். எங்கள் வீடு கீரனூரில், திருச்சி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் கட்டட வேலைகளின் கணக்குகளைச் சரிபார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். எந்தக் கோப்பில் எந்தக் கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஒப்பந்தக்காரர்கள் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போவார்கள். அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

அந்த மழையில் எங்கள் கூடத்தின் கான்கிரீட் தளம் கசியத் தொடங்கியது. முதலில் பழுப்பாக ஒரு வட்டம். பிறகு மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி விரிசல். ஒரு நாள் காலையில் பூச்சு உதிர்ந்து, துருவேறி வீங்கிய கம்பி வெளியே தெரிந்தது. பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி மதிப்பீடு தயாரிப்பதுதான். பழைய தளத்தை இடிக்கும் கூலி, இடிபாட்டை அள்ளும் வண்டி, சென்ட்ரிங் வாடகை, கம்பி, சிமென்ட், எம்சாண்ட், எதிர்பாராச் செலவுக்கு ஒரு பங்கு என்று எல்லாவற்றையும் எழுதினேன். இடிக்கிற நாள் வரும்வரை அந்தத் தளத்துக்கு அடியில் நாங்கள் எப்படி இருப்பது என்பதை மட்டும் எழுதவில்லை.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்த விலை சொன்னவருக்கு வேலையைக் கொடுப்பதுதான் முறை. உள்ளூர்க் கொத்தனார் மறுநாளே கொடுத்துவிட்டார். புதுக்கோட்டையிலிருந்து இரண்டாவது வந்தது. மூன்றாமவர் திருச்சிக்காரர். "நாளைக்கு வந்துர்றேன் சார்" என்று ஒவ்வொரு நாளும் தவறாமல் சொன்னார்.

இடையில் கொத்தனார் ஒருமுறை வந்து அண்ணாந்து பார்த்தார். "சார், தளம் எறங்காம அடியில ரெண்டு முட்டாச்சும் குடுத்து வைக்கவா? வேல எனக்கு வந்தா அதுல கழிச்சுக்கலாம்."

"வேல யாருக்குன்னு முடிவாகாம முட்டு வைக்கக் கூடாதுப்பா. அது முறையில்ல" என்றேன்.

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். என் மனைவிதான் சும்மா இருக்கவில்லை.

"ஒங்க மூணாவது ஆளு வாரதுக்குள்ள தளமே எறங்கி வந்து கொட்டேஷன் குடுத்துரும்போல."

"ரெண்ட மட்டும் வச்சு முடிவு பண்ணுனா நாளைக்கு யாராச்சும் கேள்வி கேப்பாங்க."

"யாரு கேப்பா? இது நம்ம வீடு. ஆடிட்டுக்கு நாந்தான் வரணும்."

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த வாரத்தில் என் நாற்காலி கூடத்தின் நடுவிலிருந்து மெல்ல மெல்ல வாசல் பக்கம் நகர்ந்திருந்தது. நான்தான் நகர்த்தியிருக்கிறேன், யோசித்துச் செய்ததாக நினைவில்லை. அவள் மட்டும் வழக்கம்போல மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விழுந்திருக்கும் சுண்ணாம்புத் தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு அதே இடத்தில் உட்காருவாள்.

ஒரு நாள் பொறுமையிழந்து, திருச்சிக்காரரை நேரில் பிடித்துவிடுவது என்று பஸ் ஏறினேன். அவர் கடை பூட்டியிருந்தது. மழைத் தூறலில் திரும்பி வந்து தெருமுனையில் திரும்பியபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. எங்கள் ஜன்னல் வழியாக வெள்ளைப் புழுதி வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் வெறுங்காலோடு ஓடி வந்தார்.

"சார், இப்பத்தான் சார்! வெடி வச்ச மாதிரி சத்தம்."

"அவ எங்க?"

"தெரியலையே சார். வெளிய வந்து நான் பாக்கலையே."

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினால் பாதிதான் திறந்தது. கூடத்தின் நடுவில் கான்கிரீட் பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேலே கம்பிகளில் மாட்டிக்கொண்டு இன்னும் ஒரு பாளம் தொங்கியது. மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். தொங்கும் பகுதிக்குக் கீழே யாரையும் விடக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்ததுகூடத் தையல்காரர்தான். நான் அவளுடைய கைப்பேசிக்கு அழைத்தேன்.

இடிபாட்டுக்கு அடியிலிருந்து மணி அடித்தது.

அந்த ஒலியை என்னால் விவரிக்க முடியாது. எத்தனையோ முறை "சத்தத்தக் கொறச்சு வையேன்" என்று நான் எரிந்து விழுந்த அதே மணி, கல்லுக்குள்ளிருந்து மங்கலாகக் கேட்டது. சத்தம் வந்த இடத்தில் மண்டியிட்டுக் கையால் கல்லைப் புரட்டினேன். "மேல தொங்குது சார், இங்கிட்டு வாங்க!" என்று தையல்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன். மணி நின்றதும் மறுபடி அழைத்தேன். அது அடிக்கும்வரை அவள் இருக்கிறாள் என்று எப்படியோ மனம் நம்பியது. ஒரு பாளத்தைப் புரட்டியபோது அடியில் முறமும் நசுங்கிய முருங்கைக்கீரையும் தெரிந்தன. அடுத்த கல்லைத் தொடக் கை வரவில்லை. தொட்டால் என்ன தெரியுமோ என்ற பயத்தில் உடம்பு அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க, கதவ எதுக்கு இப்புடி..." என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

குடையோடு வாசலில் நின்றிருந்தாள்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். முறத்தைப் பார்த்ததும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அங்கனதானங்க ஒக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தேன். பாதில வச்சுட்டுல்ல போனேன்" என்றாள்.

"எங்க போன?"

தையல்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னாள். "கொத்தனாரு வேற ஊருக்கு வேலைக்குப் போறாருன்னு சொன்னாக. அவரு கெளம்புறதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துருவோம்னு போனேன். என் சீட்டுப் பணந்தான்."

"போனை எடுத்துட்டுப் போறதுக்கென்ன?"

"எடுத்துட்டுப் போனா நீங்க கூப்புடுவீங்க. கூப்புட்டா எனக்குப் பொய் சொல்ல வராது. அதான் வேணும்னே வச்சுட்டுப் போனேன்."

தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே கொத்தனார் வந்து மிச்சமிருந்த தளத்துக்கு முட்டுக் கொடுத்தார். புதுத் தளம் போட்டு முடிந்தபின் மனைவி மறுபடி மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார ஆரம்பித்துவிட்டாள். தளம் உறுதியாகத்தான் இருக்கிறது. இருந்தும், அடுப்படியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை என்றால் உடனே எழுந்துவிடுகிறேன். காரணமே இல்லாமல் கூப்பிட்டுப் பார்க்கிறேன். "இங்கனதான் இருக்கேன், என்ன வேணும்?" என்று அவள் சலித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், என்னைக் கேட்காமல் அவள் செய்த ஒரு காரியம்தான் என் வீட்டில் எனக்குப் பதில் சொல்ல ஓர் ஆளை மிச்சம் வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.