செம்மஞ்சள் இடியப்பம்

பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அழகம்மா செம்மஞ்சள் நிறத்தில் இடியப்பம் பிழிந்து தகரத்தில் காயவைக்கிறாளாம், அதை மனிதர் எவரும் தின்று கண்டதில்லையாம் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. தொழிலாளர் லயத்துக்கு லயம் வளர்ந்து கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அந்த இடியப்பம் படையலாகியிருந்தது. யாருக்குப் படையல் என்பதில் மட்டும் ஆளுக்கொரு அபிப்பிராயம். வெள்ளிக்கிழமைகளில் சாமிக்குச் சாத்திக் கழற்றிய செண்டுமல்லி மாலைகளை அவள் சாக்கில் கட்டித் தூக்கிப் போவதையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள்.

கோயில் கமிட்டிச் செயலாளர் இருளப்பன் இப்படியொரு செய்திக்காகவே பிறந்தவர். பஸ்ஸில் மிச்சக் காசு சரியாக வந்தால், ஏன் சரியாக வந்தது என்று யோசிக்கிற மனுசன். ஞாயிறு காலை, சும்மா அந்தப் பக்கம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அழகம்மாவின் லயக் காம்பராவுக்குப் பின்னால் போய் நின்றார்.

ஆறு பழைய பிரிட்ஜ் பெட்டிகள் கதவில்லாமல் மல்லாந்து கிடந்தன. மலையிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீர் குழாய் வழியே ஒன்றில் விழுந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, வடிகால் கானில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே தங்கமீன்கள். இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்து முழங்கால் போனபின் அழகம்மா தேடிக்கொண்ட பிழைப்பு அது.

இருளப்பன் தகரத்திலிருந்த இடியப்பத்தை ஒடித்து மோந்தார். கருவாட்டு வாடை. வெளியே வந்த அழகம்மாவிடம், என்னென்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டார். அவள் ஒளிக்கவில்லை. மரக்கறிக் கழிவில் வளர்த்துக் காயவைத்த புழு, கருவாட்டுத் தலை, தேங்காய்ப் புண்ணாக்கு, அரைத்த பூ. எல்லாம் பிசைந்து இடியப்ப உரலில் பிழிந்து, காய்ந்ததும் நொறுக்கினால் மீனுக்குத் தீனி. கடைத் தீனி ஒரு பைக்கட் விலையில் தானும் புருஷனும் மூன்று நாள் சாப்பிடலாம் என்றாள். பூ எதற்கு? நிறத்துக்கு. அக்குறணையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும், அவள் அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் ஹாஷிம் சிவந்த மீனை மட்டுந்தான் எடுப்பார். பூ நின்றால் மீன் வெளிறும், மீன் வெளிறினால் அவளுடைய அடுப்பு அணையும்.

செயலாளர் சட்டத்தைப் பிடித்தார். சாமிக்குச் சாத்திக் கழற்றிய மாலையை ஓடுகிற தண்ணீரில் விடுவதுதான் முறை.

“ஓடுற தண்ணியிலதாங்கண்ணே விடுறேன். நடுவுல மீனு நிக்குது, அவ்வளவுதான்.”

பதில் சொல்ல முடியாதவனின் சந்தேகம் இரட்டிப்பாகும். படையல் போய், இப்போது சாயம் வந்தது. பூவைத் தின்றால் மீன் சிவக்குமா, மீனுக்கு யாரோ சாயம் ஏற்றுகிறார்களா? ஒரே ஈட்டில் பொரித்த வெளிறிய குஞ்சுகள் இரண்டை அவளிடம் இரவலாக வாங்கி, இரண்டு வாளியில் விட்டு, ஒன்றுக்கு அவளுடைய தீனியும் மற்றதற்குக் கடைத் தீனியும் தானே போடுவதாகச் சொன்னார். சாயமென்று தெரிந்தால் மாலை நிறுத்தப்படும்.

ஐந்து கிழமை அவர் வீட்டில் வேறு பேச்சில்லை. மனைவி சீதா ஒருநாள் வாளியைப் பார்த்துக்கொண்டே, “கட்டி முப்பது வருசமாச்சு, ஒருநாளாவது எனக்கு இப்படி நேரத்துக்குச் சோறு போட்டிருக்கீங்களா?” என்று கேட்டாள். பூத்தீனி தின்ற மீன் சிவந்துகொண்டே போனது. கமிட்டிக் கூட்டத்துக்கு முந்தின நாள் இருளப்பனுக்குப் புதுப் பயம். அழகம்மா வந்து இதைவிடச் சிவந்த மீனொன்றை மாற்றி வைத்துவிட்டால்? சிவப்பு மீன் வாளியை மூடியால் இறுக்கி, மேலே அம்மிக்குழவியையும் வைத்தார். காற்றுக்கு வழியில்லை. காலையில் திறந்தபோது மீன் மாறவில்லை, மல்லாந்திருந்தது.

செத்த மீனைக் கோயிலுக்குள் கொண்டுபோகக் கூடாதென்று கூட்டம் வாசலுக்கு வெளியே நடந்தது. பொருளாளர் சந்திரகுமார் தன் வெள்ளைத் துண்டால் மீனை முன்னும் பின்னும் தேய்த்தார். துண்டில் செதில் ஒட்டியது, சாயம் ஒட்டவில்லை. மாலைகளை அழகம்மா தொடர்ந்து எடுக்கலாம், ஆனால் இடியப்பத்தை ரோட்டிலிருந்து தெரியாமல் காயவைக்க வேண்டும் என்று தீர்மானம். கையெழுத்து, செயலாளர் இருளப்பன்.

அழகம்மா நகரவில்லை.

“சாயமில்லன்னு தெரிஞ்சதுல சந்தோசம்ண்ணே. என் மீனு?”

அவர் சட்டைப் பையில் கையை விட்டார்.

“காசு வேணாம். பூப்போட்டு வளத்த மீனு. மீனாவே குடுங்க.”

மீதியிருந்த வெளிறிய மீனைக் கொடுக்கப் பார்த்தார். அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்து, “இதைக் குடுத்தா ஹாஷிம் நானா எனக்குல்ல சாயம் பூசுவாரு” என்றாள்.

அன்றிலிருந்து அந்த மீனுக்கும் பூத்தீனிதான். வெள்ளிக்கிழமைதோறும் செயலாளர் வாளியோடு போகிறார். அவள் பார்த்துவிட்டு, இன்னும் பதம் வரவில்லை என்று ஒரு பிடி தீனியைக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறாள். முதுகு சிவந்துவிட்டது, வால் வெளிறித்தான் கிடக்கிறது. தனக்குக் கொடுக்கிற பிடியில் மட்டும் அவள் பூவைக் குறைக்கிறாளோ என்று இருளப்பனுக்கு ஒரு சந்தேகம். கேட்க வாய் வரவில்லை. கொடுக்க வேண்டிய மீன் இன்னும் அவருடைய வாளியில்தான் சுற்றுகிறது.