யாரும் வாங்காத பொருளின் விலை

அந்தப் பகுதிக் கடைக்காரர்கள் அவளை விலையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புள்ளிவிவர அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. மாதத்தின் முதல் வாரத்தில் பதினான்கு கடைகள் ஏறி இறங்கி, பட்டியலில் உள்ள நூற்று அறுபத்திரண்டு பொருள்களின் விலையைக் குறித்து வர வேண்டும். எல்லா ஊர்களிலிருந்தும் இப்படி வரும் விலைகளைச் சேர்த்துத்தான் நாட்டில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று ஓர் எண்ணை அறிவிப்பார்கள். அதில் தன் கைவேலையும் இருக்கிறது என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வீட்டில் அந்த எண்தான் வம்பு. அண்ணன் ஆளுங்கட்சி. அவள் கணவனுக்கோ அந்தக் கட்சியின் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கடல் தாண்டி எங்கோ போர் மூண்டு, சரக்குக் கப்பல்கள் வராமல் போய், அண்ணன் வேலை பார்த்த குழாய்த் தொழிற்சாலை வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. அப்படியும் அவன் கட்சியை விட்டுக்கொடுக்க மாட்டான். "விலை ரெண்டு சதவீதம்தான் ஏறியிருக்குன்னு என் தங்கச்சி ஆபீஸே சொல்லுது. அப்புறம் என்ன மச்சான்?" என்பான். மச்சான் எகிறுவான். நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது அவள்.

அந்த மாதம், பால்பவுடர் கம்பெனி விலையை மாற்றாமல் எடையை மட்டும் குறைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள். வழக்கமாகக் கீழே நின்றபடியே விலைச்சீட்டைப் படித்துக் குறித்துக்கொள்பவள், சந்துமுனைக் கடையில் மேல்தட்டு டின்னை எடுத்துத் தரச் சொன்னாள். எடையைத் தேடித் திருப்பியபோது அடியில் இருந்த தேதி கண்ணில் பட்டது. காலாவதியாகி ஒரு வருடமும் ஏழு மாதமும் ஆகியிருந்தது.

கடைக்காரர் நெளிந்தார். "அது விக்கிறதுக்கு இல்லம்மா. உங்களுக்காக வச்சிருக்கேன்."

"எனக்கா?"

"மாசாமாசம் வந்து கேக்குறீங்க. இல்லேன்னு சொன்னா உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னுதான்."

அவள் டின்னை மேசைமேல் வைத்தாள். வேறு எதெல்லாம் இப்படி என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகக் கை காட்டினார். ஒரு கிலோ சலவைத்தூள், ஷாம்பு பாட்டில், ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் என்று மொத்தம் பதினொன்று. அவள் வருவதற்கு முந்தின நாள் எல்லாவற்றையும் தூசி தட்டி வைப்பாராம். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

அப்படியென்றால் ஜனங்கள் என்னதான் வாங்குகிறார்கள்? அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நூல் கட்டிய குட்டிக்குட்டிப் பொட்டலங்கள். இரண்டு கரண்டி பால்பவுடர், விரல் தடிமனில் அறுத்த சோப்புத் துண்டு, ஒரு வேளைக்கான எண்ணெய். ஒன்றைத் தராசில் போட்டுக் கணக்குப் பார்த்தாள். டின்னாக வாங்குகிறவர் கொடுப்பதைப்போலக் கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. தப்பாகப் போட்டோமோ என்று திரும்பவும் போட்டாள். அதேதான். மொத்தமாக எடுக்க எனக்கும் முதல் இல்லை, சில்லறையாக வாங்கித்தான் சில்லறையாக விற்கிறேன் என்றார் அவர். கையில் காசு குறையக் குறைய விலை கூடுகிறது. பதினெட்டு வருடத்தில் இது ஒரு நாளும் அவள் படிவத்தில் ஏறியதில்லை.

"அண்ணே, பால்பவுடர் ரெண்டு பொட்டலம்" என்று பின்னால் ஒரு குரல். திரும்பினாள். அவளுடைய அண்ணி.

அண்ணியின் முகம் செத்துவிட்டது. வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கண்ணன்கிட்ட சொல்லிடாத. டீ நிறம் மாறாம இருந்தா அவர் கேக்க மாட்டார்."

மற்றப் பதிமூன்று கடைகளிலும் டின்களைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்பதில் இதே கதை. படிவத்தில் இருபத்து மூன்று பொருள்களுக்கு நேரே 'விற்பனையில் இல்லை' என்று எழுதி, ஒரு கடிதமும் இணைத்து மேலதிகாரியிடம் கொடுத்தாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்து நின்றாள். அவர் நிதானமாக இரும்பு அலமாரியைத் திறந்து, நாடா கட்டிய கடிதக்கட்டு ஒன்றை எடுத்து அவளுடையதையும் அதில் செருகினார்.

"இதோட முப்பத்திரண்டு" என்றார்.

"அப்போ உங்களுக்கு இது தெரியுமா சார்?"

"தெரியும்மா. பொட்டலத்துக்குப் படிவத்துல கட்டம் இல்லையே."

ஆளுங்கட்சி மறைக்கச் சொல்கிறதா என்று கேட்டேவிட்டாள். போன ஆட்சியிலும் இதே படிவம்தான் என்றார் அவர், மழை வரும்போல இருக்கிறது என்பதைப்போல. சூழ்ச்சி என்றிருந்தால்கூட யார்மேலாவது கோபப்பட்டிருப்பாள்.

கடிதங்களில் இருந்த பெயர்களை எழுதிக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றே ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தாள். எல்லாரும் அவளைப்போல விலை எடுப்பவர்கள். எல்லாரும் தங்கள் கடைகளில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தவர்கள். முப்பத்திரண்டு பேரும் சொந்தக் காசில் பொட்டலம் வாங்கி, எடை போட்டு, மாதாமாதம் தலைமை அலுவலகத்துக்குத் தனி அட்டவணை அனுப்பினார்கள். பத்து மாதம் ஒரு பதிலும் இல்லை. பதினோராவது மாதம் பட்டியலைத் திருத்தும் குழுவிலிருந்து ஒரு பொருளாதாரப் பேராசிரியை நேரில் வந்தார். சந்துமுனைக் கடையில் ஒரு பொட்டலத்தை மூன்று தடவை எடை போட்டார். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருடம் பட்டியல் மாறியது. பொட்டலங்களும் ஏறின. புதுப் பட்டியலின் முதல் எண் ஏழு சதவீதம்.

அந்தச் செய்தி வந்தபோது அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். எதிர்க்கட்சிக்காரர்கள் அலுவலகத்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்று அண்ணன் ஆரம்பித்தான். டீயோடு வந்த அண்ணி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"யாரும் புகுந்துடல. நான் வாங்குறதைத்தான் எழுதியிருக்காங்க."

உள்ளே போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எத்தனை நாளா?"

"உங்களுக்கு மூணு நாள் வேலைன்னு ஆனதுலேருந்து."

அண்ணன் பொட்டலத்தை மடியில் வைத்தான். தங்கையை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தான். உனக்கும் தெரியுமா என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கட்சியை அவன் விட்டுவிடவில்லை. மச்சானோடு சண்டையும் ஓயவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தச் சண்டையில் அவள் அலுவலகத்தின் எண்ணை அவன் எடுக்கவே இல்லை. மாசம் வீட்டுச் செலவு எவ்வளவு ஆகிறது என்று அண்ணியிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறான்.